ஒரு விமானம் எவ்வளவு எண்ணெய் குடிக்கும்?

புதுச்சேரியிலிருந்து பெங்களூருக்குப் பேருந்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை வழியே ஏறத்தாழ 310 கிலோமீட்டர். பெரிய பேருந்து ஒன்று ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் நான்கு கிலோமீட்டர் ஓடும். ஆக, 78 லிட்டர் செலவு. ஐம்பது இருக்கைகளுக்கும் பங்கிட்டால் உங்கள் பங்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். அதே ஊருக்கு லாசுப்பேட்டை விமான நிலையத்திலிருந்து பறந்து போனால் உங்கள் பங்கு எவ்வளவு? வான்வழி நேர்தூரம் சுமார் 267 கிலோமீட்டர்தான். மேடு பள்ளம் இல்லை, வளைவு இல்லை, சுங்கச்சாவடியில் நின்று நின்று போக வேண்டியதில்லை. அப்படியானால் எண்ணெயும் குறைவாகத்தானே ஆக வேண்டும்?

இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால், "விமானம் வேகமாகப் போகிறது, அதனால் அதிகம் குடிக்கும்" என்ற விடை உடனே வரும். அது பாதி விடைதான். மீதிப் பாதியை நாம் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பு இயற்பியலுக்கு மேல் எதுவும் தேவைப்படாது.

லாசுப்பேட்டையின் விமானம்

நம் ஊர் ஓடுபாதையின் நீளம் சுமார் 1500 மீட்டர். ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானம் முழுச் சுமையுடன் கிளம்ப இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் வேண்டும். ஓடுபாதையை நீட்டலாம் என்றால், புதுச்சேரி எல்லை அங்கேயே முடிந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பது தமிழ்நாட்டு நிலம். ஆகவே இங்கே வருபவை புரொப்பெல்லர் என்னும் சுழல்விசிறி பூட்டிய சிறிய விமானங்களே. 2013-இல் தொடங்கிய பெங்களூர் சேவை அடுத்த ஆண்டே நின்றது. 2017-இல் மீண்டும் தொடங்கிய பறத்தல் 2024 மார்ச்சில் நின்று, அதே ஆண்டு டிசம்பரில் இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72 விமானங்களுடன் மறுபடி உயிர் பெற்றது. இப்படி வருவதும் நிற்பதுமாக இருப்பதற்கு எண்ணெயும் ஒரு காரணம். அதற்குப் பிறகு வருவோம்.

இந்த ஏ.டி.ஆர். விமானத்தில் 78 பேர் உட்காரலாம். அதிகபட்சமாக 23 டன் எடையுடன் கிளம்பும். பெங்களூர் போகும் நாளில் 21 டன் என்று கொள்வோம்.

இப்போது பேருந்துக்கும் விமானத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டைப் பாருங்கள். பேருந்தின் எடையைத் தாங்குவது யார்? சாலை. அதற்குச் சாலை ஒரு சொட்டு டீசல்கூடக் கேட்பதில்லை. பேருந்து நின்றாலும் ஓடினாலும் அதன் எடை இலவசமாகத் தாங்கப்படுகிறது. தார்ச்சாலையில் சக்கரத்தை உருட்ட, எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு விசை போதும். காற்றின் தடை தனி.

விமானத்தைத் தாங்க ஆகாயத்தில் சாலை கிடையாது. இறக்கைகள் ஒவ்வொரு வினாடியும் டன் கணக்கான காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றன. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று விமானத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. கீழே தள்ளப்பட்ட காற்று சும்மா போவதில்லை. இயக்க ஆற்றலை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த ஆற்றல் எண்ணெயிலிருந்துதான் வர வேண்டும். விமானம் தன் எடைக்கு ஆகாயத்தில் வாடகை கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இறங்கும்வரை அந்த வாடகை நிற்காது.

எவ்வளவு வாடகை? நல்ல வடிவமைப்புள்ள ஏ.டி.ஆர். போன்ற விமானம் மட்டமாகப் பறக்கும்போது அதைப் பின்னால் இழுக்கும் தடைவிசை, அதன் எடையில் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு. பெரிய ஜெட் விமானங்களில் இருபதில் ஒரு பங்கு வரை குறைக்க முடிந்திருக்கிறது. சக்கரத்தின் நூற்றில் ஒரு பங்கு எங்கே, இறக்கையின் பதினைந்தில் ஒரு பங்கு எங்கே!

கணக்குக்கு வருவோம்

21,000 கிலோகிராமை 9.8-ஆல் பெருக்கினால் எடை 2,05,800 நியூட்டன். பதினைந்தால் வகுத்தால் தடைவிசை 13,720 நியூட்டன். இதை எதிர்த்து 2,67,000 மீட்டர் போக வேண்டும். வேலை என்பது விசை பெருக்கல் தூரம். விடை ஏறத்தாழ 366 கோடி ஜூல்.

இது போதாது. விமானம் ஐந்து கிலோமீட்டர் உயரம் ஏற வேண்டுமே! அதற்கு நிலை ஆற்றல் 103 கோடி ஜூல். ஆனால் இறங்கும்போது பொறியின் வேகத்தைக் குறைத்துச் சறுக்கியபடி வருவதால் இதில் ஒரு பெரிய பங்கு திரும்பக் கிடைத்துவிடுகிறது. மொத்தத்தில் 430 கோடி ஜூல் என்று முழுதாக்கிக்கொள்வோம்.

இந்த ஆற்றல் முழுவதையும் எண்ணெய் அப்படியே தந்துவிடாது. பொறியும் சுழல்விசிறியும் சேர்ந்து, எண்ணெயின் வெப்ப ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே முன்னோக்கித் தள்ளும் வேலையாக மாற்றுகின்றன. மீதி சூடான புகையாகவும் கலங்கிய காற்றாகவும் போகிறது. எனவே 430-ஐ நான்கால் பெருக்க, 1720 கோடி ஜூல் தேவை. விமான எண்ணெய் ஒரு கிலோகிராம் எரிந்தால் 4.3 கோடி ஜூல் கிடைக்கும். வகுத்துப் பாருங்கள்: சரியாக 400 கிலோ!

தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போவது, கிளம்பும்போதான கூடுதல் வேகம், பெங்களூர் வானத்தில் ஒரு வட்டம் அடிப்பது ஆகியவற்றுக்காக 50 கிலோ சேர்த்தால் 450 கிலோ. லிட்டருக்கு 0.8 கிலோ வீதம் 560 லிட்டர் சொச்சம். 78 இருக்கைகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 7.2 லிட்டர். பேருந்தைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு.

கவனித்தீர்களா? இந்தக் கணக்கில் வேகம் எங்குமே நேராக வரவில்லை! எடை, தூரம், தடைவிசைப் பங்கு, பொறியின் பயனுறுதிறன், இந்த நான்கும்தான் வந்தன. வேகம் ஒளிந்துகொண்டிருப்பது அந்தப் பதினைந்தில் ஒரு பங்கில். விமானத்தின் தடைவிசை இரண்டு வகைப்படும். ஒன்று, காற்றைக் கிழித்துப் போவதால் வருவது; வேகம் இரு மடங்கானால் இது நான்கு மடங்காகும். மற்றது, தூக்குவிசையை உண்டாக்குவதற்கான விலை. இது வேகம் குறையக் குறைய ஏறும். ஆகவே மிக வேகமாகப் போனாலும் நட்டம், மிக மெதுவாகப் போனாலும் நட்டம். இடையில் ஒரு வேகத்தில் தடைவிசை மிகக் குறைவு. ஜெட் விமானங்கள் பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறுவதன் இரகசியமும் இதுவே. அங்கே காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். அடர்த்தி குறைந்தால் அந்தச் சிக்கனமான வேகம் உயர்கிறது. அதே தடைவிசையுடன், மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் ஓரளவு இனாமாகக் கிடைக்கிறது.

சுழல்விசிறி பழைய காலத்துச் சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. இயற்பியல் வேறு விதமாகச் சொல்கிறது. பின்னால் தள்ளப்படும் காற்றின் உந்தம் நிறையையும் வேகத்தையும் பொறுத்தது. அதற்குச் செலவாகும் ஆற்றலோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. கொஞ்சம் காற்றை மிக வேகமாகத் தள்ளுவதைவிட, இரு மடங்கு காற்றைப் பாதி வேகத்தில் தள்ளினால் அதே உந்துவிசை பாதி ஆற்றலில் கிடைக்கும். பெரிய சுழல்விசிறி செய்வது இதைத்தான். இன்றைய ஜெட் பொறிகளின் முன்வாயில் ஆளுயரத்தைவிடப் பெரிய விசிறியைப் பொருத்தியிருப்பதும் இதற்காகவே. 2016 முதல் நம் நாட்டில் பறக்கும் ஏர்பஸ் 320 நியோ விமானம், முந்தைய வகையைவிடச் சுமார் 15 விழுக்காடு எண்ணெய் மிச்சம் பிடிப்பதில் பெரும் பங்கு இந்த அகலமான விசிறிக்கு உரியது.

எண்ணெயைச் சுமக்க எண்ணெய்

இப்போது தொலைதூரப் பயணம் ஒன்றைப் பார்ப்போம். பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏராளம் அல்லவா? போயிங் 787 போன்ற பெரிய விமானம் சென்னையிலிருந்து பாரிஸுக்கு இடைநில்லாமல் பறப்பதாகக் கொள்வோம். தூரம் சுமார் 8000 கிலோமீட்டர். எரியும் எண்ணெய் 55 டன் அளவில் இருக்கும். 290 இருக்கைகள் என்றால் ஆளுக்குச் சுமார் 237 லிட்டர்.

நூறு கிலோமீட்டருக்கு என்று வகுத்துப் பார்த்தால் ஒரு வியப்பு. லாசுப்பேட்டை விமானத்தில் ஓர் இருக்கைக்கு 2.7 லிட்டர், பாரிஸ் விமானத்தில் 3 லிட்டர். கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஆனால் பாரிஸ் முப்பது மடங்கு தொலைவு. எண்ணெய்ச் செலவை முடிவு செய்வதில் விமானத்தின் வகையைவிட நாம் எவ்வளவு தொலைவு போகிறோம் என்பதே பெரிது.

சிறந்த பொறியும் சிறந்த இறக்கையும் உள்ள பெரிய விமானம் ஏன் சிக்கனத்தில் முந்தவில்லை? அதற்கான சூத்திரம் ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயரால் வழங்குகிறது. லூயி பிரெகே (1880–1955) தொடக்க கால விமானங்களைக் கட்டியவர்களுள் ஒருவர். பிரெகே சூத்திரத்தின் கருத்து எளிது: விமானம் எண்ணெயை எரித்துக்கொண்டே போவதால் போகப்போக எடை குறைகிறது; எடை குறைவதால் தடைவிசை குறைகிறது. இதைப் பின்னாலிருந்து பாருங்கள். கடைசி மணி நேரத்துக்கான எண்ணெயை முதல் ஒன்பது மணி நேரமும் வெறும் சுமையாகத் தூக்கிச் செல்ல வேண்டும். அதைத் தூக்க எண்ணெய், அந்த எண்ணெயைத் தூக்கவும் எண்ணெய். வட்டிக்கு வட்டி போல வளரும் இந்தக் கணக்கு கூட்டுவட்டிக் கணக்கேதான். நம் பாரிஸ் விமானம் 240 டன்னுடன் கிளம்பி 185 டன்னுடன் இறங்குகிறது என்றால் விகிதம் 1.3. அதாவது பாரிஸில் 1000 கிலோ கூடுதலாக இறக்க வேண்டுமானால் சென்னையில் அதற்காக 300 கிலோ எண்ணெய் சேர்த்து ஏற்ற வேண்டும். உங்கள் பெட்டியில் அம்மா வைத்துவிடும் பத்துக் கிலோ ஊறுகாய், வற்றல், வடகத்துக்கும் மூன்று கிலோ எண்ணெய் கட்டணம் உண்டு! விமான நிறுவனங்கள் பெட்டியை எடை போடுவதில் இத்தனை கறாராக இருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

போய்ச் சேரத் தேவையானதை மட்டும் நிரப்பிக்கொண்டு எந்த விமானமும் கிளம்புவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து வரும் விமானத்துக்கு லாசுப்பேட்டையில் மழையால் இறங்க முடியாமல் போகலாம். அப்போது சென்னை போன்ற வேறோர் ஊருக்குப் போக எண்ணெய் வேண்டும். அதற்கும் மேல் அரை மணி நேரம் வட்டமடிக்க எண்ணெய் வேண்டும். எல்லாம் சேர்ந்து உண்மையான செலவைப்போல இரு மடங்கு ஆகிவிடும்.

இந்த நிரப்பல் கணக்கில் அலகு மாறினால் என்ன ஆகும்? 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோ எண்ணெய் தேவைப்பட்டது. கனடா அப்போதுதான் மெட்ரிக் அளவுகளுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரு லிட்டருக்கு 0.8 கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில், 1.77 பவுண்டு என்னும் பழைய எண்ணைப் போட்டுப் பெருக்கிவிட்டார்கள். கிடைத்தது 22,300 பவுண்டு, அதாவது தேவையில் பாதிக்கும் குறைவு! நடுவானில் இரண்டு பொறிகளும் நின்றுபோயின. விமானி நல்ல வேளையாகச் சறுக்கு விமானம் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்ட பழைய விமானப்படை ஓடுபாதையில் அதைச் சறுக்கியே இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் உயிர் தப்பினர். விடைத்தாளில் அலகு எழுதாமல் விடும் மாணவர்களுக்கு நான் இந்தக் கதையை ஆண்டுதோறும் சொல்வதுண்டு.

வழி நீண்டாலும் இதே கூட்டுவட்டிதான். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசும். அதை எதிர்த்து ஐரோப்பா போகும்போது ஆகும் எண்ணெய் திரும்பி வரும்போது ஆகாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டில்லியிலிருந்து மேற்கே போகும் நம் விமானங்கள் தெற்கே சுற்றிப் போக வேண்டியதாயிற்று. எண்ணெய் கூடியது, நேரமும் கூடியது. இன்னொரு வேடிக்கை, வரி. விமான எண்ணெய்க்கு மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறுபடும். விலை மலிந்த ஊரில் தேவைக்கு மேல் நிரப்பிக்கொண்டு போனால் பணம் மிச்சம். ஆனால் அந்தச் சுமையைத் தூக்கக் கூடுதலாக எண்ணெய் எரியும். பணக் கணக்கில் இலாபம், இயற்பியல் கணக்கில் நட்டம்!

காலி இருக்கையும் நிறைந்த வானமும்

மறுபடி லாசுப்பேட்டைக்கு வருவோம். 78 இருக்கையில் 39 பேர் மட்டும் ஏறினால் எண்ணெய் பாதியாகிவிடுமா? ஆகாது. 39 பேரும் அவர்கள் மூட்டையும் சேர்ந்து மூன்றரை டன் இருக்கலாம். 21 டன்னில் அது ஆறில் ஒரு பங்கு. எண்ணெயும் ஏறத்தாழ அதே அளவே குறையும். ஆனால் ஆளுக்குரிய பங்கு 7.2 லிட்டரிலிருந்து 12 லிட்டராகிவிடும். இந்திய விமான நிறுவனங்களின் செலவில் எண்ணெய்க்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுவதுண்டு. ஆகவே பாதி காலியாகப் பறக்கும் சேவை நெடுநாள் நிலைப்பது கடினம். இங்கே விமானம் வருவதும் நிற்பதுமாக இருந்தது ஏன் என்பதற்கு ஒரு விடை இது.

ஒரு தனி விமானத்தின் பசி இவ்வளவுதான். நாடு முழுவதற்குமான தேவை எப்படி ஏறுகிறது? 2014-இல் உள்நாட்டு விமானங்களில் பறந்தவர்கள் சுமார் 6.7 கோடிப் பேர். 2024-இல் 16 கோடிக்கு மேல். ஏறத்தாழ 2.4 மடங்கு. இதே காலத்தில் நாட்டின் விமான எண்ணெய்ச் செலவு, வெளிநாட்டுப் பயணங்களுக்காக இங்கே நிரப்பியதும் சேர்த்து, ஆண்டுக்கு 57 லட்சம் டன்னிலிருந்து 90 லட்சம் டன்னாயிற்று. இது 1.6 மடங்கு. இரண்டும் ஒரே கூட்டத்தை அளப்பவை அல்ல என்றாலும் போக்கு தெளிவு. நல்ல பொறிகளும் நிறைந்த இருக்கைகளும் மிச்சம் பிடித்துக் கொடுத்ததையெல்லாம், புதிதாகப் பறக்க வந்தவர்களின் எண்ணிக்கை விழுங்கிவிட்டு மேலும் கேட்கிறது. பறப்பவர் எண்ணிக்கைதான் தேவையை இழுக்கும் குதிரை என்பதற்கு ஒரு சோதனையும் தானாகவே நடந்தது. கொரோனாத் தொற்றினால் வானம் வெறிச்சோடிய 2020-21-இல் எண்ணெய்ச் செலவு, முந்தைய ஆண்டின் 80 லட்சம் டன்னிலிருந்து 37 லட்சம் டன்னாக விழுந்தது.

சிக்கனமே கூட்டத்தைச் சேர்க்கிறது என்றும் சொல்லலாம். எண்ணெய் மிச்சமானால் கட்டணம் இறங்குகிறது. கட்டணம் இறங்கினால், முன்பு இரயிலில் போனவரும் போகாமலே இருந்தவரும் விமானத்தில் ஏறுகிறார்கள். புதுச்சேரியிலிருந்து கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து மர்சேய் துறைமுகம் சேர்ந்த காலத்தில், ஒரு திருமணத்துக்காகப் பிரான்சிலிருந்து யாரும் வந்து போயிருக்க மாட்டார்கள். இன்று வருகிறார்கள். அது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆளுக்கு 237 லிட்டர், திரும்பிப் போக இன்னொரு 237 லிட்டர் என்பதைக் கணக்கில் எழுதத்தான் வேண்டும். ஒரு கிலோ விமான எண்ணெய் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு உண்டாகிறது.

மண்ணெண்ணெய்க்கு மாற்று உண்டா?

விமான எண்ணெய் என்பது வேறொன்றுமில்லை, நன்கு சுத்தம் செய்த மண்ணெண்ணெய்தான். சென்னை மணலி ஆலையில் காய்ச்சி வடிக்கப்படும் அது மீனம்பாக்கத்துக்குக் குழாய் வழியே போகிறது. ஜெட் விமானம் பறக்கும் உயரத்தில் வெளியே வெப்பநிலை சுழிக்குக் கீழே ஐம்பது பாகையைத் தாண்டும்; விமான எண்ணெய் சுழிக்குக் கீழே 47 பாகை வரை உறையாதபடி தயாரிக்கப்படுகிறது.

"மின்சாரக் கார் போல மின்சார விமானம் கூடாதா?" என்று கேட்பீர்கள். நம் பெங்களூர்ப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். தேவை 430 கோடி ஜூல். இன்றைய நல்ல மின்கலத் தொகுப்பு கிலோவுக்கு 0.09 கோடி ஜூல் தரும். மின்மோட்டாரும் சுழல்விசிறியும் அதில் நூற்றுக்கு 85 பங்கு பயன்படுத்தினாலும் 5600 கிலோ மின்கலம் வேண்டும்! 400 கிலோ எண்ணெய் செய்த வேலைக்கு ஐந்தரை டன். விமானம் சுமக்கக்கூடிய ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்தே ஏழரை டன்தான். அவசரத்துக்கான கையிருப்பையும் மின்கலமாகவே சுமந்தால் பயணிகளுக்கு இடமே இராது. போதாக்குறைக்கு, எண்ணெய் எரிய எரிய எடை குறையும். மின்கலம் தீர்ந்தாலும் எடை குறையாது. எனவே அருகருகே உள்ள ஊர்களுக்கான குட்டி விமானங்களில் முதலில் முயல்கிறார்கள்.

தாவர எண்ணெய் வழி இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டில்லிக்கு ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் க்யூ 400 சுழல்விசிறி விமானம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து தயாரித்த எரிபொருளைக் கலந்து பறந்தது. அதே நிறுவனத்தின் அதே வகை விமானங்கள் லாசுப்பேட்டைக்கும் வந்து போயிருக்கின்றன. நம் வேலியோரக் காட்டாமணக்கை டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய ஆய்வுக்கழகம் விமான எண்ணெயாக்கியது. ஒரு பறத்தலுக்கு விதை சேர்ப்பது வேறு, 90 லட்சம் டன்னுக்குச் சேர்ப்பது வேறு. நிலமும் நீரும் உணவுப் பயிருக்கும் வேண்டுமே. இந்தியா வைத்துள்ள குறியும் அடக்கமானதே: வெளிநாட்டுப் பயணங்களுக்கான எண்ணெயில் 2027-இல் நூற்றுக்கு ஒரு பங்கு, 2028-இல் இரண்டு பங்கு இத்தகைய எரிபொருளாக இருக்க வேண்டும் என்பது.

காகிதத்தில் இன்னும் இடம் இருக்கிறதா? லாசுப்பேட்டையிலிருந்து ஐதராபாத் வான்வழி சுமார் 602 கிலோமீட்டர். அதே 21 டன் விமானம், அதே பதினைந்தில் ஒரு பங்கு, அதே நாலில் ஒரு பங்கு. ஏறி இறங்குவதற்கு முன்போலவே 64 கோடி ஜூல் சேர்த்துக்கொள்ளுங்கள். விடை 830 கிலோவுக்கு அருகில் வர வேண்டும். தூரம் 2.25 மடங்கு ஆகியும் எண்ணெய் ஏன் 2.25 மடங்கு ஆகவில்லை என்பதையும் யோசித்து எழுதுங்கள்.